சிவப்பணுவின் மேல் ஒரு தட்டு

ரயில் பட்டறையில் பிட்டர் வேலை பார்த்த பேசில், அத்தனை வருடமும் இரும்போடு பிழைத்து ஒரு விரலைக்கூடச் சேதப்படுத்திக்கொள்ளாதவன், கடைசியில் பால் டின்னில் கையை வெட்டிக்கொண்டான். ஞாயிறு பூசை முடிந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்த ரயில்வே குவாட்டர்ஸுக்குத் திரும்பியதும் மச்சானுக்குக் காப்பி கலக்கலாம் என்று டின்னின் மூடியைக் கத்தியால் நெம்பினான். கத்தி வழுக்கியது. தகரத்தின் விளிம்பு இடது கட்டைவிரலின் அடிச்சதையில் இறங்கியது.

"என்ன மாப்பிள்ளே, எஞ்சினையே கழட்டி மாட்டுற ஆளு. ஒரு டின்னு உங்கள மடக்கிருச்சே!" என்று சிரித்தான் சிரில்.

சிரில், பேசிலின் மனைவி வெரோனிகாவுக்கு அண்ணன். கிள்ளானில் பெத்தானி மிஷன் ஆஸ்பத்திரியில் லேப் அசிஸ்டென்ட். மாதம் ஒருமுறை ரயிலேறி வந்து தங்கை வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவான்.

வெரோனிகா துணியோடு ஓடி வந்தாள். சிரில் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"கொஞ்சம் அமுக்கிப் பிடி, அது போதும். தொடச்சிக்கிட்டே இருக்காதே. அவங்க வேலையச் செய்யட்டும்."

"யாரு?"

"ரத்தத் தட்டுங்க."

"ஆரம்பிச்சிட்டான்" என்றாள் வெரோனிகா.

சிரில் அப்படித்தான். எதைப் பார்த்தாலும் அது எப்படி நடக்கிறது என்று சொல்லியே ஆக வேண்டும். சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். கேட்பவர்களுக்கும் பிடித்துத்தான் போகும். அன்று சோறு ஆறிக்கொண்டிருக்க, அவன் சொன்னது இது.

இரத்தத்தில் சிவப்பணுக்கள் உண்டு, வெள்ளையணுக்கள் உண்டு. இவற்றைத் தவிர மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. சிவப்பணுவில் கால்வாசி அளவுகூட இல்லாத சின்னச் சின்னத் துணுக்குகள். எலும்பின் மஜ்ஜையில் பெரிய அணு ஒன்று இருக்கிறது. அது தன் உடம்பையே பிய்த்துப் பிய்த்து இரத்தத்தில் விடுகிறது. அந்தத் துணுக்குகள்தாம் தட்டுகள். குழாயின் ஓரமாகவே மிதந்து போகும். சுவரில் கிழிசல் கண்டால் சட்டென்று அதில் ஒட்டிக்கொள்ளும். தட்டையாக இருந்தது கை கால் முளைத்ததுபோல் முள்முள்ளாக விரியும். பின்னால் வருபவற்றையும் இழுத்து ஒட்டவைக்கும். அதன்மேல் நூல்போல ஒன்று பின்னிக்கொள்ள, கிழிசல் அடைபட்டுவிடும்.

"அது மட்டும் இல்ல" என்றான் சிரில். "கிருமி ஏதாச்சும் ரத்தத்துக்குள்ள நொழஞ்சா, வெள்ளையணு வர்றதுக்கு முந்தி இதுங்க அதைப் பிடிச்சிரும். ஐரோப்பாவுல மொயலுக்கு ஊசியில கிருமிய ஏத்திப் பாத்திருக்காங்க. கொஞ்ச நேரத்துல கிருமியச் சுத்தி தட்டுங்க கட்டிக்கட்டியா ஒட்டிக்கிச்சு. அப்பிடியே தள்ளிக்கிட்டுப் போயி ஈரல்கிட்ட ஒப்படைச்சிருது. ஈரல்ல இருக்குற பெரிய அணு அதைத் தின்னுரும். டாக்டர் படிச்சிட்டுப் போட்ட பத்திரிகையில பாத்தேன்."

பேசில் தன் விரலை மரியாதையோடு பார்த்தான். "அடேங்கப்பா. எனக்குள்ள இத்தனை பேரு வேல செய்றானுங்களா? சம்பளம் யாரு குடுக்குறா?"

"நீங்க திங்கிற சோறுதான்."

"அந்தச் சோறு ஆறிப் போச்சு" என்றாள் வெரோனிகா. "ரெண்டு பேரும் எழுந்திரிங்க."

விரல் மூடிக்கொண்டது. ஓரிரு நாள் சிவந்து வீங்கியது, பிறகு வீக்கமும் இறங்கியது. மேலே பொருக்கு கட்டியிருந்ததால் அது ஆறிவிட்டது என்றே எல்லாரும் நினைத்தார்கள். அடுத்த வாரம் ஒரு பிற்பகல் பேசில் பட்டறையிலிருந்து பாதியில் திரும்பி வந்தான். குளிர் நடுக்கம். வீட்டிலிருந்த போர்வை எல்லாவற்றையும் போர்த்தியும் கட்டில் கடகடவென்று ஆடியது. பிறகு தீயாகக் கொதித்தான். பிறகு வேர்த்துக் கொட்டி எழுந்து உட்கார்ந்து, "சரியாப் போச்சு" என்றான். மறுநாள் அதே நேரத்தில் மறுபடியும் நடுக்கம்.

பக்கத்து வீட்டு இராஜம்மா வந்து பார்த்தாள். "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ வெரோனிகா. நம்ம வீட்டுலேர்ந்து எட்டிப் போற தூரம்தானே?"

"எங்க அண்ணன் இருக்கும்போது அங்க எதுக்குக்கா?"

அந்தக் குவாட்டர்ஸ் வரிசையில் எவருக்கும் அதற்குமேல் சொல்ல வாயில்லை. ஆஸ்பத்திரியில் நம் ஆள் ஒருவன் இருந்தால் அவன் டாக்டருக்கும் மேல். அவன் வார்டைப் பெருக்குகிறவனாக இருந்தாலும் சரி, அவன் இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். தெரியாத டாக்டரிடம் போனால் தெரிந்த ஆளுக்கு அவமானம். அதனால், காய்ச்சலில் கிடந்தவனை நடந்து போகும் தூரத்திலிருந்த பெரிய ஆஸ்பத்திரியைத் தாண்டி, ரயில்வே பாஸில் கிள்ளானுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சிரில் ஸ்டேஷனிலேயே காத்திருந்தான். ரிக்‌ஷாவில் ஏற்றும்போதே சொன்னான்: "மலேரியாவாத்தான் இருக்கும். போன மாசம் எங்க பாப்பாவோட ஞானஸ்நானத்துக்கு இங்க வந்தப்ப, வலை இல்லாம வெளி வராந்தாவுல படுத்தீங்கள்ல?"

டாக்டர் கிரெய்க் வந்து பார்த்தார். ஸ்காட்லாந்துக்காரர், நல்ல மனிதர், தமிழ் தெரியாது. பேசில் சொன்னதைச் சிரில்தான் இங்கிலீஷில் சொன்னான். "விரலு மேல ஆறிருச்சு. ஆனா உள்ள, மூட்டுகிட்ட ஒரு வலி இருக்கு மச்சான்" என்றான் பேசில். "அது கெடக்கட்டும் மாப்பிள்ளே" என்று அவனிடம் சொல்லிவிட்டு, டாக்டரிடம் திரும்பி, பழைய வெட்டு, ஆறிவிட்டது என்று முடித்தான் சிரில்.

பிறகு விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் இங்கேதான் நடந்தது. ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டின் ஒரு முனையில் வைத்து, இன்னொரு தகட்டின் விளிம்பால் மெல்லியதாக இழுத்துவிட வேண்டும். காய்ந்ததும் சாயம் ஊற்றிக் கழுவி மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தால், சிவப்பணுக்கள் வெளிறிய ரோஜா நிறத்தில் வட்ட வட்டமாகக் கிடக்கும். மலேரியா இருந்தால் அந்த வட்டத்துக்குள் ஒரு சின்ன நீல மோதிரமும், அதில் கல் பதித்ததுபோல் ஒரு சிவப்புப் புள்ளியும் தெரியும். தட்டுகளோ ஊதா நிறப் பொடி மாதிரி, வட்டங்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் சிதறிக் கிடக்கும். ஆனால் அபூர்வமாக ஒரு தட்டு, இரத்தத்தை இழுக்கும்போது, சிவப்பணுவின் மேலேயே போய் உட்கார்ந்துவிடும். அப்போது அதைச் சுற்றி ஒரு வெளிறிய விளிம்பும் தெரியும். பார்க்கிறவனுக்கு வட்டத்துக்குள் ஒரு புள்ளி, ஒரு வளையம். அச்சு அசல் மலேரியா.

வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, சுலபமான வழி. மைக்ராஸ்கோப்பின் நுண்திருகை மயிரிழை திருப்ப வேண்டும். உள்ளே இருக்கும் பொருளானால் சிவப்பணுவும் அதுவும் சேர்ந்தே தெளியும், சேர்ந்தே மங்கும். மேலே உட்கார்ந்திருப்பதானால் ஒன்று தெளியும்போது மற்றது மங்கும். சிரிலுக்கு இது தெரியும். மற்றவர்களுக்கு எத்தனையோ தடவை சொல்லிக் காட்டியும் இருக்கிறான்.

ஆனால் பெத்தானி லேப்பில் ஒரு வழக்கம் ஊறிப்போயிருந்தது. சிரிலுக்கு முன்பு அந்த வேலையில் இருந்தவர் ஒரு ரப்பர் தோட்டத்துக் குழந்தையின் இரத்தத்தில் மலேரியாவைத் தவறவிட்டார். குழந்தை செத்துப்போக, அவரை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். இல்லாத மலேரியாவை இருக்கிறது என்று சொன்னதற்காக அங்கே எவனும் திட்டு வாங்கியதில்லை. மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினா மருந்தைச் சாப்பிட்டால் காது இரையும், வாய் கசக்கும், அவ்வளவுதானே? அதனால் சந்தேகம் வந்தால் "இருக்கு" என்ற பக்கமே சாய்வார்கள். சுற்றிலும் இருந்த தோட்டங்களிலிருந்து வந்து குவியும் தகடுகளில், மற்றவர்கள் காணாததையும் கண்டுபிடிப்பவன் என்று சிரிலுக்குப் பெயர். அந்தப் பெயர் அவனுக்குப் பிடித்திருந்தது.

வட்டத்துக்குள் ஒரு புள்ளி பார்த்தான். தள்ளிப் போய் இன்னொன்று பார்த்தான். எதிர்பார்த்ததுதான். திருகைத் திருப்பவில்லை.

"மலேரியா, சார்."

"நல்லது" என்றார் டாக்டர் கிரெய்க். "கொயினா கொடுங்கள்."

வெரோனிகா சிரில் வீட்டில் தங்கி, தினமும் கஞ்சியும் இரசமும் கொண்டுவந்து கொடுத்தாள். காய்ச்சல் காலையில் இறங்கியது, பிற்பகலில் ஏறியது. இறங்கும்போதெல்லாம் கொயினா வேலை செய்கிறது என்றார்கள். ஏறும்போது மலேரியா அப்படித்தான் என்றார்கள். இரத்தத்தில் கிருமி பரவினாலும் காய்ச்சல் இதே மாதிரி நடுங்கி, கொதித்து, வேர்த்து இறங்கும் என்பதை யாரும் நினைக்கவில்லை.

"காது எப்பிடி இருக்கு பேசிலண்ணே?" என்று கேட்பான் வார்டில் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெசர் நாகையா.

"ஒரு காதுல மெயில் வண்டி, ஒரு காதுல கோட்ஸ் வண்டி."

"ரெண்டும் மோதாமப் பாத்துக்குங்க."

ஒருநாள் வெரோனிகா அவன் நகங்களை வெட்டிவிட்டாள். நகத்துக்கு அடியில் நீளவாக்கில் மெல்லிய கருஞ்சிவப்புக் கோடுகள். பிட்டரின் கையில் இரும்புச் சிராய் ஏறியிருப்பது அதிசயம் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஊசியால் எத்தனையோ எடுத்திருக்கிறாள். இப்போதும் முந்தானையில் குத்தியிருந்த ஊசியை எடுத்து நெம்பிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

"விடுங்கக்கா" என்றான் நாகையா. "பிட்டரு கை. தோண்டினா தண்டவாளமே வரும்."

பேசில் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

சில நாள் கழித்து, வலது மோதிர விரலில் முன்பு இல்லாத ஒரு கோட்டைப் பார்த்தாள். மற்றவை கறுத்துப் போயிருக்க, இது பளிச்சென்று சிவப்பாக இருந்தது. அவள் சிரிக்கவில்லை. நேராக லேப் வாசலுக்குப் போனாள்.

"அண்ணே, இவரு இரும்பத் தொட்டு ரெண்டு வாரம் ஆகப்போவுது. புதுசா எப்பிடிச் சிராய் ஏறும்?"

சிரில் வந்து பார்த்தான். விரலைப் பார்த்தான். பேசிலின் கீழிமையை இழுத்துப் பார்த்தான். உள்தோலில் குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள். "ஒண்ணும் இல்ல, சூடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். அவன் நடை மாறியிருந்ததை வெரோனிகா பார்த்தாள்.

அந்தக் கோடு இரும்பு இல்லை, இரத்தம். நகத்துக்கு அடியில் ஓடும் மிக நுண்ணிய குழாய் உடைந்து கசிந்த இரத்தம். இரத்தத்தில் தட்டுகள் போதுமான அளவு இருந்தால் இப்படிப்பட்ட சில்லறைக் கசிவுகள் நமக்குத் தெரியாமலே அடைபட்டுவிடும்.

லேப்பில் பேசிலின் முதல் தகட்டை எடுத்து வைத்தான் சிரில். அதே புள்ளி, அதே வளையம். இப்போது நுண்திருகைத் திருப்பினான். சிவப்பணு மங்கியது, புள்ளி தெளிந்தது. திருப்பிச் சுற்றினான். புள்ளி மங்கியது, சிவப்பணு தெளிந்தது. அது உள்ளே இல்லை, மேலே இருந்தது. அடுத்ததும் அப்படியே. அவன் அன்று பார்த்தவை எல்லாமே தட்டுகள்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. தனியாகச் சிதறிக் கிடக்க வேண்டிய ஊதாப் பொடி ஏறக்குறைய இல்லவே இல்லை. இருப்பதைத் தேடிப் பழகிய கண்ணுக்கு இல்லாதது தெரிவதில்லை. அத்தனை தட்டுகளும் எங்கே போயின? போரில் செலவாகிவிட்டன. கிருமியைப் பிடித்துப் பிடித்து, கட்டியாகி, ஈரலிலும் மண்ணீரலிலும் போய் முடிந்திருந்தன. மிஞ்சியவை, மஜ்ஜை அவசரமாகப் பிய்த்துவிட்ட, வழக்கத்தைவிடப் பெரிய இளம் தட்டுகள். பெரிதாக இருந்ததால்தான் மலேரியாவாகத் தெரிந்தன.

போய்ப் புதிதாக ஒரு சொட்டு எடுத்து வந்தான். மலேரியா பார்க்கிறவர்கள் தகட்டின் நடுப்பகுதியைத்தான் பார்ப்பார்கள். அங்கேதான் அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் படுத்திருக்கும். கட்டியாக இருப்பவை இழுப்பில் ஒதுங்கி வால்முனைக்குப் போய்விடும். அந்த முனையை அவன் பார்த்ததே கிடையாது. இப்போது பார்த்தான். தட்டுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒரு திட்டு. அதற்குள், கோத்த மணிபோல, கருநீலப் புள்ளிகளின் ஒரு சின்னச் சங்கிலி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ். கிருமியைத் தட்டுகள் பிடித்துவைத்திருந்ததை, அவன் வாசித்து மகிழ்ந்ததை, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தான்.

கதவைத் திறந்துகொண்டு டாக்டர் கிரெய்க் வந்தார். "என்ன சிரில், உன் மைத்துனருடைய மலேரியா எப்படி இருக்கிறது?"

சிரில் எழுந்து நின்றான்.

"இன்றைக்கு மலேரியா எதுவும் தெரியவில்லை, சார்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"அருமை! கொயினா வேலை செய்துவிட்டது. காய்ச்சல் மிச்சம் கொஞ்சம் இருக்கும், போகட்டும். சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்."

டாக்டர் போய்விட்டார். சிரில் தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டான்: நான் பார்த்தது ஒரே ஒரு திட்டு. சாயக் கசடாகவும் இருக்கலாம். ஆதாரத்தோடு சொல்வதுதான் முறை. பேசிலின் முழங்கையில் ஊசி போட்டு இரத்தம் எடுத்து, இறைச்சிச் சாறு நிரம்பிய குழாயில் விட்டு, வெதுவெதுப்பான பெட்டியில் வைத்தான். கிருமி இருந்தால் பெருகும், தெளிந்த சாறு கலங்கும். அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரம் முழுக்க, "நான் தவறாகப் பார்த்தேன்" என்று சொல்ல வேண்டியதில்லை.

சனிக்கிழமை காலை வெரோனிகா துணிமணியை மூட்டை கட்டி வைத்துவிட்டு லேப்புக்கு வந்தாள். முகம் தெளிந்திருந்தது. "டாக்டரு போலாம்னுட்டாரு. நீயும் ஸ்டேஷன் வரைக்கும் வர்றியா?" என்றவள், அவன் கையிலிருந்த குழாயைப் பார்த்தாள். "இது என்ன, கஞ்சித் தண்ணியா?"

"அவரோட ரத்தம் போட்டது."

"ஏன் கலங்கிக் கெடக்கு?"

சிரில் சொன்னான். அவனுக்கு அப்படித்தான் சொல்லத் தெரியும்: முதலிலிருந்து, வரிசையாக, அவளுக்கு விளங்கும் விதத்தில். டின் வெட்டியது, பொருக்குக்கு அடியில் கிருமி தங்கியது, இரத்தத்தில் இறங்கியது, தட்டுகள் பிடித்தது, குறைந்தது, ஒன்று சிவப்பணுவின் மேல் உட்கார்ந்தது. வெரோனிகா கடைசிவரை கேட்டாள்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

அவன் குழாயைத் தாங்கியில் வைத்தான்.

"நான் நகத்தக் காட்டினேனே, அன்னிக்கேவா?"

"ஆதாரம் இல்லாம எப்பிடி வெரோனி..."

"டாக்டருகிட்ட சொன்னியா?"

"இன்னிக்குச் சொல்லலாம்னு..."

"அவரு அங்க சட்ட போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு, வீட்டுக்குப் போறதுக்கு. வா." அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "வாண்ணே. நீயே சொல்லு. எனக்கு அந்தப் பாஷை வராது."

டாக்டர் கிரெய்க் கத்தவில்லை. குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பேசிலின் சட்டையைக் கழற்றச் சொல்லி நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார், நெடுநேரம் எடுக்கவில்லை. முன்பு சுத்தமாகக் கேட்ட துடிப்புக்குள் இப்போது துருத்தி ஊதுவதுபோல் ஒரு சத்தம் இருந்தது. அவர் சிரிலைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னார். வால்வு. கிருமி இதயத்தின் கதவுவரை போய்விட்டது.

அந்த வருடம்தான் புரோன்டோசில் என்ற சிவப்பு மாத்திரை மலாயாவுக்கு வரத் தொடங்கியிருந்தது. இரத்தத்தில் பரவும் ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு அதுவரை உலகத்தில் மருந்தே இல்லை, இப்போது இருந்தது. பிரசவத்துக்குப் பின் ஜன்னி கண்ட பெண்களுக்கென்று மிஷன் ஒரு புட்டி வரவழைத்திருந்தது. டாக்டர் அதை அப்படியே பேசிலுக்குத் திறந்துவிட்டார்.

மாத்திரையின் சாயத்தால் சிறுநீர் செக்கச்செவேலென்று போனது. "நாகையா, இங்க பாரு. ரோஸ் சிரப்பு. சாயங்காலம் யாராச்சும் விருந்தாளி வந்தா ஊத்திக் குடு" என்றான் பேசில்.

"மொதல்ல உங்க மச்சானுக்குக் குடுப்போம்."

காய்ச்சல் இறங்கியது. ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. கொயினா நின்றுபோனதால் காதில் வண்டிச் சத்தமும் நின்றது. வெரோனிகா மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினாள். சிரிலோடு பேசவும் செய்தாள்: "நல்லவேளை, இப்பவாச்சும்."

இரத்தத்தில் ஓடிய கிருமிகளை மருந்து அடக்கிவிட்டது, உண்மைதான். ஆனால் இதயத்தின் கதவில் உட்கார்ந்தவை வேறு. அங்கே கிருமி ஒட்டியதும் தட்டுகள் வழக்கம்போல ஓடி வந்து அதைச் சூழ்ந்துகொண்டன. நூல் பின்னியது. அதன்மேல் இன்னும் கிருமி, இன்னும் தட்டு. ஈரலுக்குத் தள்ளிக்கொண்டு போக முடியாத இடம். பிடித்தவை பிடித்தபடியே இருந்தன. கைதியைச் சுற்றிக் கட்டிய சுவர் கைதிக்கே அரணாகிவிட்டது. வெள்ளையணு உள்ளே புகவில்லை. மாத்திரையும் சுவரை நனைத்துக்கொண்டு ஓடியதே தவிர உள்ளே இறங்கவில்லை. திட்டு வளர்ந்தது. ஒவ்வொரு துடிப்பிலும் கதவு திறந்து மூட, அது ஈரத்துணிபோல் ஆடியது. முதல் வாரத்திலேயே, அது அங்கே கட்டுவதற்கு முன்பே, மாத்திரை கொடுத்திருந்தால்?

ஒரு மத்தியானம் பேசில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். கரண்டி கையிலிருந்து விழுந்தது. எடுக்கக் குனிந்தவன் அப்படியே வலப்பக்கம் சாய்ந்தான். வெரோனிகா தாங்கிப் பிடித்தாள். அவன் அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். வாய் ஒரு பக்கம் கோணியதே தவிர சொல் வரவில்லை. தன் பேச்சு எங்கே போயிற்று என்று அவனே தேடுவதுபோல் இருந்தது அந்தப் பார்வை. திட்டிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து, கழுத்து வழியாக ஏறி, மூளைக்குப் போகும் குழாயை அடைத்துவிட்டிருந்தது.

பங்குச் சாமியார் வந்து, சாகும் தறுவாயில் பூசும் அவஸ்தை எண்ணெயைப் பூசினார். மறுநாள் பேசில் இறந்துபோனான். கிள்ளானிலேயே அடக்கம் செய்தார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் சிரில் டாக்டர் கிரெய்க்கின் அறைக்குப் போய் நின்றான். வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னான். டாக்டர் அவன் தோளில் கை வைத்தார்.

"முட்டாள்தனமாகப் பேசாதே. அந்தத் தகட்டை யார் பார்த்திருந்தாலும் அதையே சொல்லியிருப்பார்கள். மலேரியாவைத் தவறவிடுவதைவிட இது மேல். இது வெளியே யாருக்கும் தெரிய வேண்டியதும் இல்லை. போ, தோட்டத்துத் தகடுகள் வந்திருக்கின்றன."

சிரில் போனான். மேசையில் தகடுகள் அடுக்கியிருந்தன.

வெரோனிகா பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பிய அன்று, துணைக்குச் சிரிலும் ரயிலேறினான். குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ரயில்வேயில் வேலை பார்த்தவன் போனால் வீடும் போய்விடும். வண்டியில் கூட்டம் இல்லை. எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். பாதி வழியில் அவள் கேட்டாள்.

"மாத்திர சாப்பிட்டதும் காச்சல் நின்னுச்சே. அப்புறம் எப்பிடிண்ணே?"

அவள் கேட்டதே போதும் என்றிருந்தது அவனுக்கு. சொன்னான். கதவு, திட்டு, சுவர், உள்ளே இருந்த கிருமி, பிய்ந்த துணுக்கு. கைவிரல்களைக் குவித்தும் விரித்தும் காட்டினான். சொல்லச் சொல்ல அவன் குரலில் பழைய வேகம் வந்தது. அது வந்ததை அவன் கவனிக்கவில்லை. அவள் சரியான இடங்களில் சரியான கேள்விகளைக் கேட்டாள்.

"அப்ப அந்தத் தட்டுங்க கெட்டது செய்யணும்னு செய்யல."

"இல்ல. அதுங்களுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

"மொத நாளே அந்தத் திருக நீ திருப்பியிருந்தா?"

சிரில் ஜன்னல் பக்கம் திரும்பினான். "உறுதியாச் சொல்ல முடியாது. நெறையப் பேரு பொழச்சிருக்காங்க. அந்த நேரத்துல குடுத்தா."

"நான் நகத்தக் காட்டின அன்னிக்கு?"

"அன்னிக்கு... வாய்ப்புக் கொஞ்சம் கொறச்சல்தான். ஆனா இருந்துச்சு."

அவள் தலையசைத்தாள். கணக்குச் சரியாக வந்ததுபோல் அல்ல. ஒரு பாதையை முழுக்க நடந்து பார்த்துவிட்டதுபோல.

கோலாலம்பூர் ஸ்டேஷனில் வண்டி நின்றது. சிரில் எழுந்து அவள் டிரங்குப் பெட்டியைத் தூக்கினான். அவள் அதன் கைப்பிடியைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீ எறங்க வேணாம்."

"வெரோனி, வீடு காலி பண்ணணும், சாமான் எடுக்கணும். நீ ஒருத்தியா எப்பிடி..."

"இராஜம்மா அக்கா இருக்காங்க."

"அப்புறம் நம்ம வீட்டுக்குத்தானே வரப்போற? கிள்ளானுக்கு?"

அவள் பெட்டியோடு பிளாட்பாரத்தில் இறங்கினாள். திரும்பி, ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். அழவில்லை, குரலும் உயரவில்லை.

"எல்லாம் வெளங்கிருச்சுண்ணே. நீ நல்லாத்தான் சொல்லுவே. எந்த வீட்டுக்குப் போகப்போறேன்னு எனக்கு இன்னும் தெரியாது. எதுவா இருந்தாலும் நீ அங்க வராதே."